செம்மணலில் புதைந்த வெர்தினி

“இது உங்க வண்டிச் சாமான்தானான்னு பாருங்க அண்ணாச்சி!”

தங்கப்பழம் மடியை அவிழ்த்து எடுத்து நீட்டிய பொருளைப் பார்த்ததும் இன்னாசி மச்சாடோவின் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கீழே விழுந்தது.

உள்ளங்கை அகலத்தில் ஓர் உலோக மூடி. அதன்மேல் சிறகு விரித்த வல்லூறு ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. வல்லூறின் காலடியில் இத்தாலிய எழுத்தில் ஒரு பெயர். மணல் உரசி உரசிப் பாதி அழிந்துபோயிருந்தது. ஆனால் மச்சாடோவுக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

“வெர்தினி!” என்றார்.  “என் செவத்தாவோட பெட்ரோல் மூடி! எங்கவே கெடச்சிது?”

“தேரிக்காட்டுலதான். இந்த வருசம் ஆடிக் காத்து ஒரு பெரிய மேட்டையே பேத்துப் போட்டிருக்கு. தொலைஞ்சுபோன ஆட்டத் தேடிப் போனேன். மணலுக்குள்ள இருந்து செவப்பா ஒரு வாலு நீட்டிக்கிட்டு நிக்கி! மொதல்ல வெலவெலத்துட்டேன். தொட்டுப் பாத்தா தகரம்!”

“தகரமா? அலுமினியம்வே, அலுமினியம்!” மச்சாடோ சத்தம் போட்டார். போட்டுவிட்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தூத்துக்குடிக் கடற்கரையில் லாஞ்சு இன்ஜின்கள் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் அன்று வேலை அத்தோடு நின்றது. மகள் ஜெசிந்தா ஓடிவந்து மூடியை வாங்கிப் பார்த்தாள். பத்தொன்பது வயது. எவ்வளவு பெரிய மீன் லாரியானாலும் பின்னுக்கு ஓட்டிச் சந்துக்குள் நிறுத்திவிடுவாள். அவளுக்கு அந்தக் காரைப் பற்றித் தெரியாத கதையே கிடையாது.

வெர்தினி என்பது இத்தாலியில் ஒரு சின்னப் பட்டறை. அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து விரல்விட்டு எண்ணக்கூடிய கார்களை மட்டும் செய்துவிட்டு மூடிப்போன இடம். அவற்றில் ஒன்றுதான் செவத்தா. தாழ்ந்த உடம்பு, நீண்ட மூக்கு, கூரையே இல்லாத இரண்டு இருக்கை, ரத்தச் சிவப்பு நிறம். சிசிலித் தீவின் மலைப்பாதைப் பந்தயத்தில் பாதி வழியில் ஒரு கியர் உடைந்துபோக, மிச்சமிருந்த கியர்களை வைத்துக்கொண்டே தன் பிரிவில் முதலாவதாக வந்த கார் அது. பிறகு ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரரோடு கப்பலேறி இலங்கைக்கு வந்தது. அங்கே பழைய விமான ஓடுதளத்தில் நடந்த போட்டிகளில் அதை முந்த ஆளில்லை. தோட்டத்துக்காரர் ஊர் திரும்பியபோது மச்சாடோவும் அவருடைய காயல்பட்டினத்து நண்பர் செய்யிது மீரானும் சேர்ந்து அதை வாங்கினார்கள். கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குத் தோணியில், பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்தார்கள்! அடுத்து சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் பந்தயம். மச்சாடோ ஓட்ட, மீரான் இன்ஜினைப் பார்த்துக்கொள்ள, இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பை அவர்களுக்குத்தான்.

பிறகு அறுபத்தேழாம் வருடம். திருச்செந்தூர்ச் சாலையில் மச்சாடோ காரைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தலைவிரி கோலமாகக் குறுக்கே ஓடிவந்தாள். தேரி என்னும் செம்மணல் மேடுகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்பில் அவள் புருஷனை விரியன் கடித்துவிட்டது. வேறு வண்டி இல்லை. மச்சாடோ யோசிக்கவில்லை. பந்தயக் காரைச் செம்மண் காட்டுக்குள் விட்டார். கடிபட்டவனை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நடுத்தேரியில் சக்கரம் புதைந்தது. காரை அப்படியே போட்டுவிட்டு, ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலைவரை ஓடினார். அந்த ஆள் பிழைத்தார். அவர்தான் தங்கப்பழம். ஆனால் அன்று எழும்பிய காற்று அடங்க நாளாயிற்று. மச்சாடோ திரும்பிப் போனபோது காரும் இல்லை, கார் நின்ற இடமும் இல்லை. அந்த மேடே இடம் மாறிப்போயிருந்தது!

விஷயத்தைக் கேட்டதும் மீரான் அன்றைக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஆளு பொழச்சானா?” பிழைத்தான் என்றதும், “அப்ப சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளாவது அதைச் சொல்லிக் காட்டியதில்லை. மச்சாடோதான் அதற்குப் பிறகு ஒரு பந்தயத்துக்கும் போகவில்லை.

“அப்பா, எப்பப் போறோம்?” என்றாள் ஜெசிந்தா.

“போறோமா? நீ எங்க வாற?”

“நான் வராம ஜீப்ப யாரு ஓட்டுவா? மீரான் மாமா ஓட்டுனா தேரிக்குப் போற முன்னாடியே சக்கரம் கழண்டுரும்!”

“காத்து திரும்பவும் மூடிரும் அண்ணாச்சி” என்றார் தங்கப்பழம் கவலையாக. “போனா இப்பவே போகணும். விட்டோம்னா பெறகு யாருக்குத் தெரியும்?”

மறுநாள் விடிந்ததும் மீரானின் பழைய ஜீப் கிளம்பியது. மண்வெட்டிகள், இரும்புக் கம்பிகள், தோணிக்குப் பயன்படும் கனமான தேங்காய்நார் வடம், சங்கிலி, தகர டின்களில் தண்ணீர். மச்சாடோவின் மனைவி பிலோமினா ரொட்டியும் பொரித்த மீனும் கட்டிக் கொடுத்தார்.

“வண்டி கெடச்சா சந்தோசம். கெடைக்காட்டியும் நாலு பேரும் முழுசா வந்து சேருங்க. மாதாவுக்கு மெழுகுதிரி நேந்திருக்கேன், வண்டிக்கில்ல, உங்களுக்கு!” என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்.

தேரிக்காட்டை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்பு! அலை அலையாகச் செம்மணல் மேடுகள். கழுத்தளவு மணலில் புதைந்து, தலை மட்டும் தெரியும் பனைமரங்கள். ஆங்காங்கே முந்திரிப் புதர்கள், உடைமரங்கள். ஆடிக் காற்று ‘உய்ய்’ என்று ஊளையிட்டுக்கொண்டு முகத்தில் மணலை அள்ளி வீசியது. நால்வரும் துண்டால் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டார்கள்.

“செவப்பு மண்ணுக்குள்ள செவப்புக் காரத் தேடணும்” என்று முனகினார் மீரான். “லே இன்னாசி, அன்னைக்கே பச்சப் பெயிண்டு அடிக்கலாம்னு சொன்னேன், கேட்டியா?”

“இத்தாலிக்காரிக்குப் பச்சப் பாவாடையா? போலே!”

ஜெசிந்தா கெட்டியான தரை பார்த்து ஜீப்பை வளைத்து வளைத்து ஓட்டினாள். உச்சி வெயிலுக்கு முன்பே தங்கப்பழம் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டார்கள். அவர் குதித்து இறங்கினார். நாலா பக்கமும் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

“இங்கனதான் அண்ணாச்சி! மூணு பனை நிக்கிற எடம்! அடையாளத்துக்கு ஒரு மட்டைய நட்டு வச்சேன்!”

மூன்று பனைகள் நின்றன. மட்டையைக் காணோம். வாலையும் காணோம். வழுவழுவென்று ஒரு சிவப்பு மேடு மட்டும் ஒன்றும் அறியாததுபோல் படுத்திருந்தது.

ஆளுக்கொரு கம்பியை எடுத்துக்கொண்டு மணலில் குத்திப் பார்த்தார்கள். குத்திய இடமெல்லாம் ‘சொத்’ என்ற சத்தம்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒருமுறை ‘டங்’ என்றதும் எல்லோரும் ஓடிப்போய்த் தோண்டினார்கள். கிடைத்தது ஒரு கல்!

மச்சாடோ குத்திக்கொண்டே இருந்தார். உள்ளங்கையில் கொப்புளம் வெடித்து ரத்தம் கசிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஜெசிந்தா அதைப் பார்த்தாள். 

‘இப்படிக் குத்திக்கிட்டே இருந்தா ஒரு மாசமானாலும் ஆகாது’ என்று எண்ணியவள் மேட்டின் உச்சிக்கு ஏறினாள். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. உச்சியில் நின்று கீழே பார்த்தாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மதியத்தில் தட்டையாகத் தெரிந்த மணலில் இப்போது ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் விழுந்திருந்தது.

அவள் கண் ஓரிடத்தில் நின்றது.

மேட்டின் சரிவில், காற்று வரும் பக்கமாக, பிறை வடிவில் ஒரு சின்னப் பள்ளம். அதற்குப் பின்னால் வால்போல நீண்ட மணல் வரப்பு. கரையோரம் நங்கூரம் போட்டு நிற்கும் வள்ளத்தைச் சுற்றித் தண்ணீர் சுழித்துப் போகுமே, அதே மாதிரி! அடியில் ஏதோ ஒன்று நின்று காற்றைத் தடுக்கிறது!

“அப்பா! அங்க! அந்தப் பள்ளத்துக்கிட்ட குத்துங்க!”

மச்சாடோ ஓடினார். கம்பியை ஓங்கிக் குத்தினார்.

‘டணங்ங்!’

கல்லில் பட்ட சத்தமல்ல. கோயில் மணியை விரலால் சுண்டியதுபோன்ற சத்தம். மச்சாடோ கம்பியை எறிந்துவிட்டு மண்டியிட்டுக் கையாலேயே மணலை வாரினார். சிவப்பு மணலுக்குள்ளிருந்து அதைவிடச் சிவப்பாக ஒரு முதுகு மெல்ல வெளியே வந்தது!

“செவத்தா…” என்று அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார். “சூடா இருக்காடே மீரான்! இப்பத்தான் பந்தயம் முடிஞ்சு வந்து நிக்க மாதிரி சூடா இருக்கா!”

 மீரானும் ஒரு கையை அதன்மேல் வைத்தார்.

அன்றிரவு மூன்று பனைகளின் அடியில் படுத்துவிட்டு, கிழக்கு வெளுத்ததும் தோண்டத் தொடங்கினார்கள். கார் மேட்டின் சரிவுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. பின்பக்கம் முழுவதும் வெளியே வந்தது. இருக்கைகள் தெரிந்தன. வெயில் ஏறும்போது பாதிக் காரைத் தோண்டிவிட்டார்கள். ஆனால் நிற்கும் இடம் மோசம்! காரின் வலது பக்கம் சில அடி தள்ளி மணல் செங்குத்தாகச் சரிந்து பெரிய பள்ளத்தில் இறங்கியது. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். சுழலும் புழுதியில் அதன் அடி தெரியவில்லை.

“வடத்தைப் பின் அச்சுல கட்டி ஜீப்பால பின்னுக்கு இழுத்துரலாம்” என்றார் மச்சாடோ.

“நான் கட்டுதேன். ஒன் தொப்பையோட நீ அடியில நொழைஞ்சா காரத் தூக்கிட்டுதான் ஒன்னை எடுக்கணும்!” மீரான் வடத்தின் ஒரு நுனியை ஜீப்பில் கட்டிவிட்டு, மறுநுனியோடு காரின் வால்பக்கக் குழிக்குள் இறங்கினார்.

“மாமா, பாத்து!”

“கட்டியாச்சு! கெட்டியா கெட…”

அவர் முடிக்கவில்லை. மேட்டின் உச்சியில் ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். பெரிய மணல் பாளம் ஒன்று அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது! அது மூக்கில் மோதிய வேகத்தில் கார் நகர்ந்து பின்னுக்கு வந்தது. குழி நிரம்பியது. புழுதி அடங்கியபோது மீரானின் தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன. பின்சக்கரம் அவர் தோளை உரசிக்கொண்டு நின்றது.

“மீரான்!”

“உசுரோடதான்லே இருக்கேன்” என்றார் மீரான். மூச்சு திணறியது. “நெஞ்ச அமுக்குது.”

மச்சாடோவும் தங்கப்பழமும் பாய்ந்து மணலை வாரினார்கள். வார வார மணல் சரிந்து வந்தது. அதோடு காரும் ஓர் அங்குலம் இறங்கியது. மச்சாடோ சட்டென்று கையை நிறுத்தினார். மேலே பார்த்தார். உச்சியில் இன்னொரு பாளம் வெடிப்பு விட்டிருந்தது. அதுவும் இறங்கினால் கார் மீரானின் தலைமேல்தான் வரும்! பின்னுக்கு இழுத்தாலும் அவர்மேல்தான் ஏறும்! ஒரே வழிதான் இருந்தது.

“ஜெசி! ஜீப்பப் பள்ளத்து ஓரமா கொண்டு போ! வடத்த வலப்பக்கமா இழுக்கணும்!”

ஜெசிந்தா திகைத்தாள். “பள்ளத்துக்குள்ளயா? அப்பா, வண்டி நொறுங்கிரும்!”

“நொறுங்கட்டும்!”

“லே இன்னாசி!” குழிக்குள்ளிருந்து மீரான் கத்தினார். “கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு? பன்னெண்டு வருசம் கழிச்சுக் கெடச்சிருக்கா! கையால தோண்டிப் பாருலே!”

“நீ வாய மூடுலே! ஜெசி, எடு வண்டிய! தங்கப்பழம், அரிவாள எடுத்துக்கிடும். கார் சரிவுல எறங்குனதும் வடத்த வெட்டிரணும். இல்லன்னா ஜீப்பும் எம்மவளும் சேந்து போயிருவாங்க!”

ஜெசிந்தா ஜீப்பில் ஏறினாள். பள்ளத்தின் விளிம்பை ஒட்டிக் கெட்டியான மண்திட்டு ஒன்று ஓடியது. அதன்மேல் சக்கரத்தை ஏற்றினாள். வடம் விறைத்தது. கியரை மாற்றினாள். ஜீப் உறுமியது. சக்கரம் சுழன்று மணலை வாரி அடித்தது.

“இன்னும்! இன்னும் கொஞ்சம்!”

செவத்தாவின் வால் மெல்லத் திரும்பியது. ஓரடி. இன்னும் ஓரடி. மச்சாடோ காரின் இடது பக்கம் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார். சக்கரம் மீரானைவிட்டு விலகியது. கார் பள்ளத்தின் விளிம்பில் ஒரு கணம் ஊசலாடிற்று.

“வெட்டும்வே!”

தங்கப்பழத்தின் பாளை சீவும் அரிவாள் மின்னியது. வடம் ‘பட்’டென்று அறுந்து துள்ளியது. சிவப்புக் கார் சரிவில் இறங்கி, செம்புழுதி மேகத்துக்குள் மறைந்தே போயிற்று!

மச்சாடோ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழிக்குள் குதித்தார். ஜெசிந்தா ஜீப்பிலிருந்து பாய்ந்து வந்தாள். மூவரும் வெறிபிடித்தவர்கள்போல் தோண்டினார்கள். நெஞ்சு வெளியே வந்தது. இடுப்பு வந்தது. இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து மீரானைத் தூக்கி அப்பால் இழுத்துப் போட்டதுதான் தாமதம், மேலேயிருந்த பாளம் ‘தொம்’ என்று இறங்கிக் குழியை மூடியது!

நால்வரும் மணலில் மல்லாந்து கிடந்தார்கள். மீரான் இருமி இருமி மணலைத் துப்பினார்.

“போச்சே இன்னாசி” என்றார் ஈனக் குரலில். “எனக்காக அவளத் தள்ளிட்டியே.”

“போனா போறா. ஒன்னப் போல ஒரு கிறுக்கன இத்தாலியில செஞ்சு தருவானா?” என்ற மச்சாடோ நண்பனின் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். 

தங்கப்பழம் எழுந்து பள்ளத்தின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். புழுதி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது.

“அண்ணாச்சி!” அவர் அலறிய அலறலில் எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். “நிக்கிது! நாலு கால்லயும் நிக்கிது!”

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். மணல் சரிவு முழுவதும் சறுக்குமரத்தில் சறுக்கியதுபோல ஒரே கோடு. அதன் முடிவில், காய்ந்து இறுகிப்போன குளத்துத் தரையில், செவத்தா நிமிர்ந்து நின்றாள்! ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. விளக்கு ஒன்று உடைந்திருந்தது. அவ்வளவுதான். அவர்கள் நான்கு பேரும் சேர்ந்து ஒரு வாரம் பாடுபட்டாலும் மணலைவிட்டு வெளியே எடுத்திருக்க முடியாத காரை அந்தப் பள்ளமே எடுத்துக் கொடுத்துவிட்டது. குளத்தின் எதிர்க்கரையில் மாட்டுவண்டித் தடம் ஒன்று தொடங்கியது!

“அது எங்க ஊருக்குப் போற தடம்லா!” என்று கூவினார் தங்கப்பழம்.

அவர் ஓடிப்போய் ஊரையே கூட்டிவந்தார். பனையேறிகள், பெண்கள், பிள்ளைகள் என்று ஐம்பது பேருக்கு மேல்! அறுந்த வடத்தை முடிச்சுப் போட்டு முன்பக்கம் கட்டினார்கள். திருவிழாத் தேரை இழுப்பதுபோல் இரண்டு வரிசையாக நின்று வடம் பிடித்தார்கள். “இழுங்க! விடாம இழுங்க!” டயர்கள் எப்போதோ மக்கிப்போயிருந்தன. வெறும் கம்பிச் சக்கரங்கள் கிறீச்சிட்டன. மச்சாடோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். வலிக்கிற விலாவைப் பிடித்துக்கொண்டு மீரான் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார். தார்ச்சாலை வந்ததும் திருச்செந்தூர் பஸ் ஒன்று நின்றது. என்ன ஏது என்று கேட்காமலே பயணிகளில் பாதிப்பேர் இறங்கி வடத்தைப் பிடித்தார்கள்!

மாலையில் லாரிமேல் ஏறிச் செவத்தா பட்டறை வாசலுக்கு வந்தாள். பிலோமினா முதலில் தலைகளை எண்ணினார். மீரானின் நெஞ்சில் போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகுதான் காரைப் பார்த்தார்.

“அந்த மண்ணையெல்லாம் வெளியவே தட்டிட்டு உள்ள கொண்டாங்க” என்றார். ஆனால் அன்று இரவு மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கூடுதலாக எரிந்தது.

அதன்பிறகு மாதக்கணக்கில் வேலை. இறுகிப்போன இன்ஜினை டீசலில் ஊறவைத்து ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார்கள். கிடைக்காத பிஸ்டன்களைக் கோயம்புத்தூரில் கடைந்து வாங்கினார்கள். ஒருநாள் காலை செவத்தா இருமினாள், கனைத்தாள், பிறகு தெருவே நடுங்கும்படி உறுமினாள். மச்சாடோ இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை மகளிடம் நீட்டினார்.

“சோழவரத்துல பழைய வண்டிக்கெல்லாம் ஒரு ஓட்டம் வச்சிருக்கானாம். நீ ஓட்டு.”

“நானா? நீங்கப்பா?”

“நான் கொடிக்குப் பக்கத்துல நின்னு பாக்கணும். இவ ஓடுறத நான் ஒருநாளும் வெளிய நின்னு பாத்ததில்லயே!”

அந்த மாசி மாதம் சோழவரத்தில் கூட்டம் அலைமோதியது. பளபளக்கும் கார்களுக்கு நடுவே, ஒரு பக்கம் நசுங்கலோடு செவத்தா நின்றாள். கொடி இறங்கியதும் பாய்ந்தாள்! முதல் சுற்றில் மூன்று கார்களை முந்தினாள். மச்சாடோ தொப்பியைக் கழற்றி வீசினார். மீரான் யாரோ ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். ஆனால் கடைசிச் சுற்றின் நடுவில் இன்ஜின் திக்கியது. கரும்புகை வந்தது. ஒவ்வொரு காராகத் தாண்டிப் போயிற்று. ஜெசிந்தா விடவில்லை. கியரைக் குறைத்து, மெல்ல மெல்ல, கெஞ்சிக் கெஞ்சி ஓட்டினாள். எல்லாக் காரும் போய்ச் சேர்ந்த பிறகு, வெறிச்சோடிய பாதையில் தட்டுத் தடுமாறிச் செவத்தா வந்தபோது கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.

கோட்டைத் தாண்டியதும் இன்ஜின் நின்றுவிட்டது. ஜெசிந்தா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் கரி. கண் கலங்கியிருந்தது.

“கடைசியா வந்துட்டோமேப்பா!”

மச்சாடோ காரின் சூடான மூக்கில் ஒரு கையும் மகளின் தலையில் ஒரு கையும் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு!

“வந்துட்டோம்லா மக்கா!” என்றார்.